சோறு வடித்தது எத்தனை மணிக்கு?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஆலைகளில் எல்லாவற்றுக்கும் காலாவதி நேரம் உண்டு, தொழிலாளியின் தட்டைத் தவிர

2021 டிசம்பர் 17. மார்கழி பிறந்து இரண்டாம் நாள் இரவு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. சாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெண்கள். பெரும்பாலும் இளவயது, ஐபோன் பூட்டுகிற கைகள். அவர்கள் அன்று கேட்டது சம்பள உயர்வோ போனஸோ இல்லை. வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட ஹாஸ்டல் தோழிகள் எங்கே, உயிரோடுதான் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாகச் செல்போனுக்குச் செல்போன் செய்தி பரவியிருந்தது. அது வதந்தி என்று அதிகாரிகள் எவ்வளவு சொல்லியும் விடிந்த பிறகும் கூட்டம் கலையவில்லை.

நடந்தது இதுதான். ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லிப் பக்கத்து ஹாஸ்டல் ஒன்றில் 250-க்கும் மேற்பட்டோருக்கு உடம்பு கெட்டது. 159 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சமையற்கட்டுக்குள் போய்ப் பார்த்தபோது எலி இருந்தது, வடிகால் மோசமாக இருந்தது. சமையற்கட்டை மூடினார்கள். சுமார் 17,000 பேர் வேலை பார்த்த ஆலை நின்றது. மறியலில் 67 பெண்கள் பிடித்துவைக்கப்பட்டார்கள். தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லி, டிசம்பர் 29-ல் ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. 2022 ஜனவரி 12-ல் சில நூறு பேரோடுதான் மறுபடி வேலை தொடங்கியது.

உலகமே வாங்கக் காத்திருக்கும் ஒரு போனின் உற்பத்தியை ஒரு வேளைச் சாப்பாடு ஏறக்குறைய நான்கு வாரம் நிறுத்திவைத்தது.

அன்றைய பேச்சு எலியோடும் சாக்கடையோடும் முடிந்துபோனது. எலியைப் படம் பிடித்துப் போடலாம். அண்டாவுக்குள் சோறு காத்துக் கிடந்த நேரத்தை எந்தக் கேமராவும் பிடிக்காது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே இடத்தில் சமைக்கும்போது அழுக்குக்குச் சமமான எதிரி அந்த நேரம்தான். ஷிஃப்ட் முறையில் ஓடும் ஒரு தொழிற்பகுதியில் சோறு எத்தனை மணிக்கு வடிக்கப்படுகிறது, எத்தனை மணிக்குத் தட்டில் விழுகிறது, நடுவில் உள்ள நேரத்துக்கு யார் பொறுப்பு?

டப்பாவுக்கு உண்டு, அண்டாவுக்கு இல்லை

கெட்டுப்போகிற சரக்கைக் கையாள்வது இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. 1990-களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்ததிலிருந்து கார், கண்ணாடி, டயர், செல்போன் என்று எல்லாம் இங்கே உருவாகிறது. இவற்றின் உள்ளே போகும் பல பொருள்களுக்கு ஆயுள் குறைவு.

சர்க்யூட் போர்டில் பாகங்களை ஒட்டவைக்கும் சோல்டர் பேஸ்ட் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டிய சரக்கு. வெளியே எடுத்த நேரத்தையும் மூடி திறந்த நேரத்தையும் டப்பாவின் மேலேயே குறித்து வைப்பது மின்னணு ஆலைகளின் வழக்கம். கெடு தாண்டினால் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கழித்துக் கட்டிவிடுவார்கள். டயருக்கான ரப்பர் கலவைக்கு இரண்டு கெடு: கலந்தவுடன் எடுக்கக் கூடாது, கொஞ்சம் ஆறப் போட வேண்டும். அதிகம் போட்டுவைத்தாலும் தானாக இறுக ஆரம்பித்துவிடும். புதிய கட்டடங்களுக்கு வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை, லாரியில் ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நெரிசலில் மாட்டிக்கொண்ட கான்கிரீட் லாரியின் டிரைவர் முகத்தைப் பார்த்தால் விதி புரிந்துவிடும்.

உற்பத்தித் திட்டப் பிரிவில் இருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். பெரிய ஈடாகச் செய்தால் செலவு குறையும், ஆனால் கடைசியில் எடுப்பது வயதான சரக்காக இருக்கும். சின்னச் சின்ன ஈடாகச் செய்தால் எப்போதும் புதுச் சரக்கு கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு ஈட்டுக்கும் ஆளும் நேரமும் எரிபொருளும் கூடுதலாகப் பிடிக்கும். எங்கே நிறுத்துவது என்பதற்கு மென்பொருள் வைத்திருக்கிறார்கள், ஆள் வைத்திருக்கிறார்கள், தவறினால் கேட்கத் தணிக்கையும் வைத்திருக்கிறார்கள். அதே மதில்சுவருக்குள் கேன்டீன் அண்டாவுக்கு மட்டும் இந்தக் கண்டிப்பு வந்து சேரவில்லை. சாப்பாட்டைச் சரக்காக யாரும் நினைப்பதில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். அது ‘வசதி’ என்ற கணக்கில் எழுதப்படுகிறது.

▣ பெட்டிச் செய்தி: கொதித்தாலும் சாகாதவை

பேசில்லஸ் சீரியஸ்: வயல் மண்ணிலிருந்து அரிசியோடு வரும் கிருமி. இதன் வித்துகள் உலைக் கொதியிலும் தப்பிக்கும். சோறு மெதுவாக ஆறும்போது முளைத்துப் பெருகும். வாந்தி உண்டாக்கும் இதன் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. முன்கூட்டியே வேகவைத்த சோற்றில் செய்த ஃப்ரைடு ரைஸ் வழியாக 1970-களில் இங்கிலாந்தில் பலருக்கு வந்து பேர் பெற்றது.

கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ்: பெரிய பாத்திரத்துக் குழம்பும் கறியும் இதற்குப் பிடித்த இடம். ஏற்ற சூட்டில் 10 நிமிடத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். ஒன்று 2 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும்.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்: சமைப்பவர், பரிமாறுபவர் கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் இறங்குவது. இதன் நச்சும் சூட்டுக்கு மசியாது.

ஆபத்தான சூடு: 5 டிகிரி செல்சியஸ் முதல் 60 டிகிரி வரை. ஆஸ்திரேலிய விதி எளியது: இந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்குள் இருந்த உணவை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், 2 முதல் 4 மணி வரை ஆனால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், 4 மணி தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.

மூன்று ஷிஃப்ட், ஒரு அடுப்பு

ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டின் நாளை வைத்துப் பார்ப்போம். ஆயிரம் பெண்கள், மூன்று ஷிஃப்ட், வேலைக்கு ஒரு மணி நேர பஸ் பயணம். காலை 6 மணி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் விடியற்காலை நாலரைக்கெல்லாம் சாப்பிட்டாக வேண்டும். அப்படியானால் அடுப்பு இரண்டு, இரண்டரை மணிக்கே எரிய வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து ஏழு, ஏழரைக்கு வந்து இறங்குகிறவர்களுக்கும் அதே டிஃபன்தான். இரண்டாம் ஷிஃப்ட்டுக்காரர்கள் எட்டரைக்கு எழுந்து வருவார்கள். இட்லி என்றால் பிழைத்தோம். ஈடு ஈடாக ஊற்றி எடுக்கலாம், மாவும் புளித்தது. பொங்கலும் சட்னியும் என்றால்? மூன்று மணிக்கு இறக்கிய பொங்கலும் அப்போதே அரைத்த தேங்காய்ச் சட்னியும் எட்டரை மணிவரை உட்கார்ந்திருக்கும். முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் நான்கு மணி நேர வயது வித்தியாசம்.

மதியம் இதைவிடச் சிக்கல். இரவு ஷிஃப்ட் முடித்தவள் காலையில் படுத்து, மூன்று மணிக்கு எழுந்துதான் சோற்றைத் தேடுவாள். ஆனால் இரண்டு மணி ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்காகச் சோறு பதினொன்றுக்கே வடித்தாகிவிட்டது. ராத்திரி கதையும் அதேதான்: முன்னிரவில் ஏழு மணிக்குப் பெரும்பாலோர் சாப்பிடுவார்கள், இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் வந்து சேர்வது பதினொன்று, பதினொன்றரைக்கு. யாருடைய தட்டிலும் ஊசிப்போன வாசனை இருக்க வேண்டும் என்றில்லை. பேசில்லஸ் நச்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது.

பெரிய பாத்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. மேலே ஆறியிருக்கும், நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு இருக்கும். 360 கிலோ அரிசி என்பது, ஆளுக்கு 120 கிராம் வீதம், 3,000 பேருக்கான ஒரு வேளை. இத்தனை சோற்றை ஒன்று 60 டிகிரிக்கு மேலே சூடாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பிச் சீக்கிரம் குளிரவைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் மூடிபோட்ட அண்டாவில் வைப்பதுதான் கிருமிக்குக் கட்டில் போட்டுக் கொடுக்கிற வேலை.

நம் பாட்டிமார் இந்தக் கணக்கை அறியாதவர்கள் இல்லை. பயணத்துக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் கட்டினார்கள், சாம்பார் சாதம் கட்டவில்லை. புளிப்பில் கிருமி அவ்வளவு சுலபமாகப் பெருகாது. இந்த ஆலைகளிலிருந்து கூப்பிடு தூரத்தில், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை விரித்த கூடையில் வேகவைக்கும் இட்லியும் உடனே சாப்பிட்டாக வேண்டும் என்று கட்டாயமில்லாத பண்டம்தான். எந்தப் பண்டம் காத்திருக்கும், எந்தப் பண்டம் காத்திருக்காது என்று பார்த்து வாராந்திர மெனுவைப் போடுவதற்குக் காசே செலவில்லை. கடைசியாகச் சாப்பிடும் கூட்டத்துக்கு எலுமிச்சைச் சோறு, முதல் கூட்டத்துக்கு முட்டைக் குழம்பு என்று மாற்றினாலே பாதி ஆபத்து குறையும். ஆனால் எலுமிச்சைச் சோற்றை நேற்றைய மிச்சத்தில் கிளறினால் கதை தலைகீழாகிவிடும். நச்சு ஏற்கெனவே ஊறிய சோற்றைப் புளிப்பு காப்பாற்றாது.

மிச்சம் யார் கணக்கில்?

சமையல்காரரைத் திட்டுவது சுலபம். அவர் ஏன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுப்பேற்றுவதில்லை என்பதற்குப் பதில் ஒப்பந்தத் தாளில் இருக்கிறது.

ஆலை கேன்டீனோ ஹாஸ்டல் மெஸ்ஸோ, பெரும்பாலும் நடத்துவது கேட்டரிங் கான்ட்ராக்டர். விலை தட்டுக்கு இவ்வளவு என்று பேசியிருப்பார்கள். முதல்நாள் மாலை ஹெட் கவுண்ட் வரும். ராத்திரியில் ஒரு லைன் நின்றால் எண்ணிக்கை இறங்கும், ஏற்றுமதி அவசரம் என்றால் ஓ.டி. போட்டு ஏறும். குறைந்தால் மிச்சச் சோறு கான்ட்ராக்டர் நஷ்டம். போதாமல் போனால் சண்டை, அபராதம், சில இடங்களில் ஒப்பந்தமே போய்விடும். இந்த இரண்டு பயத்துக்கு நடுவில் நிற்பவர் என்ன செய்வார்? கொஞ்சம் கூடுதலாக, கொஞ்சம் முன்னதாக, ஒரே தடவையில் ஆக்கி வைப்பார். மிஞ்சியதை அடுத்த வேளையில் ஏதாவது ஒரு பேரில் கலந்துவிடத் தோன்றும். கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, கணக்கே அங்கே இழுத்துக்கொண்டு போகும்.

சின்ன ஈடுகளுக்குக் கூடுதல் ஆள் வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு சமையல் மாஸ்டர், ஏழு மணிக்கு இன்னொருவர். ஈட்டுக்கு ஈடு பாத்திரம் கழுவ ஆள். இந்தச் செலவைத் தட்டு விலையில் ஏற்றாமல் சுத்தத்தை மட்டும் கேட்கும் டெண்டர், வேளாவேளைக்குச் சுடச்சுடச் சாப்பாடு என்று எழுதுவது வெறும் அலங்காரம். ஆலை நிர்வாகங்கள் இதைப் புரிந்துகொள்ள முடியாதவை என்று நான் நினைக்கவில்லை. காலாவதியான சோல்டர் பேஸ்ட்டைக் கழிக்கும் நஷ்டத்தைத் தங்கள் கணக்கில்தானே எழுதிக்கொள்கிறார்கள்? கெடு தாண்டிய சோற்றைக் கொட்டும் நஷ்டத்தில் பாதியையாவது ஆலை ஏற்றுக்கொண்டால், கொட்ட வேண்டியதைக் கொட்ட கான்ட்ராக்டருக்குத் தைரியம் வரும்.

▣ பெட்டிச் செய்தி: ஒரு விமானம், ஒரு நகரம்

1975 பிப்ரவரியில் அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து கோபன்ஹேகன் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 344 பயணிகளில் 196 பேருக்கு வாந்தி பேதி. ஆம்லெட்டோடு வைத்த பன்றித் துண்டு, விரலில் புண் இருந்த சமையல்காரர் கையால் வந்தது. அவர் கைபட்ட பிறகு அது குளிர் இல்லாத இடத்தில் மணிக்கணக்கில் கிடந்திருந்தது. புண் ஒரு விரலில், கேடு நூற்றுக்கணக்கான வயிற்றில். நடுவில் பெருக்கிக் கொடுத்தது நேரம்.

1996-ல் ஜப்பானின் சக்காய் நகரத்தில் பள்ளி மதிய உணவு வழியாக ஓ157 கிருமி பரவி ஆயிரக்கணக்கான குழந்தைகள் படுத்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. அடுத்த ஆண்டே பெரிய சமையற்கூடங்களுக்கு அந்நாட்டு அரசு கையேடு வெளியிட்டது. ஒரே தடவையில் 300 சாப்பாடு, அல்லது நாளுக்கு 750 சாப்பாடு போடும் இடங்களுக்கு அது பொருந்தும். சமைத்து முடித்த 2 மணி நேரத்துக்குள் சாப்பிடும்படி பார்த்துக்கொள்வது, ஒவ்வொரு பண்டத்திலும் 50 கிராம் எடுத்து 2 வாரம் உறைநிலையில் பத்திரப்படுத்துவது ஆகியவை அதில் உண்டு.

யமஹா, கோமட்சு என்று ஜப்பான் பெயர்ப் பலகைகள் வரிசைகட்டி நிற்கும் ஒரகடம்–வல்லம் பகுதிக்கு இந்தக் கையேடு ஒன்றும் தூரத்துச் சமாச்சாரம் இல்லை.

எட்டிப் போகும் சமையற்கட்டு

2021 சம்பவத்துக்குப் பிறகு அரசின் கவனம் தங்குமிடத்தின் மேல் போனது. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். செலவு 706.50 கோடி ரூபாய். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியு வந்திருந்தார். திசைக்கொரு ஹாஸ்டலில், கண்காணிக்க ஆளில்லாத வாடகைக் கட்டடங்களில் அடைந்து கிடந்ததை நினைத்தால் இது நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆலைக்குப் பக்கம் என்பதால் பஸ்ஸில் தொலையும் நேரமும் மிச்சம்.

ஆனால் இவ்வளவு பெரிய குடியிருப்புக்கு எப்படிச் சமைப்பது என்பது தனிக் கேள்வி. ஒரே பெரிய சமையற்கட்டு என்றால் தப்பு நடந்தால் அதுவும் அதே அளவுக்குப் பெரிதாக நடக்கும். கட்டடத்துக்குக் கட்டடம் சின்ன அடுப்பு என்றால் ஆளும் கண்காணிப்பும் அதிகம் வேண்டும். இந்த விவகாரத்தில் தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே நீண்ட அனுபவம் இருக்கிறது. 1956-ல் காமராஜர் காலத்திலிருந்தும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியதிலிருந்தும் மதிய உணவைப் பள்ளியிலேயே சமைக்கிறோம். லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதில்லை. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் கிராமங்களில் பள்ளியிலேயே சமைக்கும் வழியைத்தான் எடுத்துக்கொண்டது. பெருநகரில் மட்டும் பொதுச் சமையற்கூடங்கள். அந்தச் சின்ன மையங்களில் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் உலை இறக்குவதற்கும் தட்டு விழுவதற்கும் இடையில் பெரிய இடைவெளி கிடையாது. ஒரு மையத்தில் பிசகினால் ஒரு பள்ளியோடு நிற்கும்.

ஆலைப் பகுதியில் நடப்பது இதற்கு எதிர்த்திசை. பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கி, ஹாட் பாக்ஸில் அடைத்து, வேனில் ஏற்றிப் பல ஆலைகளுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு வசதியானது, செலவும் குறைவு. அடுப்பும் புகையும் வளாகத்துக்குள் வேண்டாம் என்று நினைக்கும் நிர்வாகத்துக்கு அது பிடித்தும் இருக்கிறது. ஹாட் பாக்ஸ் நல்ல சாமான்தான். ஆனால் அது சூட்டைத் தக்கவைக்குமே தவிர உண்டாக்காது. 70 டிகிரியில் அடைத்த சாம்பாரும் 50 டிகிரியில் அடைத்த சாம்பாரும் வெளியே பார்க்க ஒரே டப்பா. சிங்கப்பெருமாள்கோயில் சாலையிலோ சுங்குவார்சத்திரம் திருப்பத்திலோ ஷிஃப்ட் மாறும் நேரத்து நெரிசலில் வேன் நின்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல 200 ரூபாய் தெர்மாமீட்டர் போதும். இறக்கும் இடத்தில் அதைக் குத்திப் பார்க்க ஒரு ஆளும், சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும் அதிகாரமும் வேண்டும்.

▣ பெட்டிச் செய்தி: சட்டம் எதுவரை?

1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46-வது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்றது. கேன்டீனை நிர்வகிக்கும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு.

ஹாஸ்டல் மெஸ் ஆலைக் கேட்டுக்கு வெளியே இருப்பது. அதற்கு இந்தக் குழு கிடையாது. தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளுக்கு 2014-ம் வருடச் சட்டப்படி உரிமம் வேண்டும், சமையற்கட்டுக்கு 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். ஆலை நிர்வாகம், ஹாஸ்டல் நடத்துபவர், கேட்டரிங்காரர் என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது.

இனி 100 பேர்

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கேன்டீனுக்கான வரம்பை 250-லிருந்து 100 ஆக இறக்கியது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் எண்ணிக்கையில் சேர்த்தது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. தொழிலாளிக்கு இது வரவு. டிஃபன் பாக்ஸை மடியில் வைத்து மரத்தடியில் சாப்பிட்டவர்களுக்கும் கேன்டீன் உரிமை வருகிறது.

பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் பட்டறைகளும் சிறு ஆலைகளும் இந்தப் பகுதி முழுக்க இருக்கின்றன. 100 முதல் 250 பேர் வரை வேலை பார்க்கும் இடங்களில் எத்தனை முதலாளிகள் சொந்தமாகச் சமையற்கட்டு கட்டுவார்கள்? பலரும் ஒரு மேஜை வரிசையும் கைகழுவும் தொட்டியும் வைத்துவிட்டு, சாப்பாட்டை வெளியே சொல்லிவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது. அப்போது பொதுச் சமையற்கூடங்கள் பெருகும், அண்டாக்கள் பெரிதாகும், வேன்கள் இன்னும் நாலு இடம் சுற்றிக் கடைசி ஆலைக்கு வந்து சேரும். கேன்டீன் உண்டா என்று பார்க்க வரும் ஆய்வாளர் மேஜையையும் தொட்டியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். சட்டத்தின் எழுத்து நிறைவேறிவிடும், சோற்றின் வயது கூடிவிடும்.

இதைத் தடுக்கப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது. ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் இறக்கிய நேரம், அடைத்த சூடு, கொட்ட வேண்டிய நேரம் என்று மூன்று எண்கள். டெலிவரி சலானில் அதே மூன்று எண்கள், பெற்றுக்கொண்டவர் கையெழுத்தோடு. கேன்டீன் குழுவில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதி எந்த நேரத்திலும் அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. வெளியே தங்கியிருக்கும் பெண்களுக்காக ஹாஸ்டல் மெஸ்ஸிலும் அதே மாதிரி ஒரு குழு. இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்குத் தனி ஈடு, அதற்கான கூலியைத் தட்டு விலையில் சேர்த்துக்கொள்ளும் டெண்டர். கெடு தாண்டியதைக் கொட்டினால் நஷ்டத்தை யார், எத்தனை சதவீதம் ஏற்பது என்று அதே டெண்டரில் ஒரு கட்டம்.